துணைச்சவ்வு

கோபத்தோடு உட்காரக் கூடாது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். காய்ச்சலோடு உட்காரக் கூடாது, குடித்துவிட்டு உட்காரக் கூடாது, மாத்திரை எதுவும் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது என்று அதற்கு மேலே வேறு வரிகளும் இருந்தன. தங்கபுஷ்பத்தின் கண் மட்டும் எப்போதும் கடைசி வரியில் போய்த்தான் நிற்கும்.

"யார் மேலயும் கோவம் இல்லையே டீச்சர்?" என்று ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சிஸ்டர் ஜூடித் கேட்பாள்.

"இல்ல."

"எல்லாரும் இல்லன்னுதான் சொல்லுதாவ. நேத்து ஒரு அண்ணாச்சி, பொண்டாட்டிக்குத் துணைக்கு உக்கார வந்தவரு, 'எனக்கு என்னம்மா கோவம்?'னு கேட்டாரு. அவரு கேட்ட கேள்வியிலயே அந்த அக்காவுக்குப் பிரஷர் ஏறிட்டு."

பக்கத்து நாற்காலியில் ஹால் டிவியைப் பார்த்தபடி சண்முகக்கனி மயினி சிரிப்பாள். தங்கபுஷ்பமும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே சொன்னால் பொய் அவ்வளவு கசக்காது.

தூத்துக்குடியில் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இப்போது ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின் கிடையாது. துணைச்சவ்வு வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. டிபன் பாக்ஸ் அளவு ஒரு பெட்டி. நடுவில் ஒரு சவ்வு. இந்தப் பக்கம் நோயாளியின் ரத்தம் ஓடும், அந்தப் பக்கம் துணையாளின் ரத்தம் ஓடும். இரண்டும் கலக்காது. ரத்த அணுக்கள் பெரியவை, சவ்வின் துளைகளுக்குள் நுழைய முடியாது. உப்பு, யூரியா போன்ற சின்னப் பொருள்கள் மட்டும் அதிகமாக இருக்கும் பக்கத்திலிருந்து குறைவாக இருக்கும் பக்கத்துக்குத் தாமாகவே போய்ச் சேரும். நோயாளியின் கழிவு துணையாளுக்குள் வரும். துணையாளின் நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு மத்தியானப் பொழுது உட்கார்ந்தால் போதும். மெஷினுக்குக் கரண்டும், சுத்தம் செய்த தண்ணீரும், பழுது பார்க்க ஆளும் வேண்டும். சொந்தக்காரருக்கு ஒரு டீயும் வடையும் போதும். கணக்குப் பார்த்தவர்கள் மெஷின்களைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சிய சில மதுரையில் இருந்தன.

மயினிக்கு முதலில் துணையாளாக இருந்தவர் சேர்மத்துரை, மயினி வாயில் சேர்மன். மயினியின் தம்பி, தங்கபுஷ்பத்தின் கணவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து, குளித்து, இரண்டு இட்லியைத் தின்றுவிட்டு, தூங்காமல் அக்காவுக்கு உட்காரப் போவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஊரை விட்டுப் போனதில்லை. கொடைக்கானல் போக எடுத்து வைத்த கம்பளிச் சட்டைகள் பிரிக்காத உறையோடு பீரோவில் கிடந்தன. "அடுத்த வருஷம் பாப்போம்" என்பார். கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவுக்கு உட்கார்ந்துவிட்டு வந்தவர் வண்டியை ஸ்டாண்டு போட்டார், வாசல்படியில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை.

நெஞ்சடைப்பு என்றார்கள். சவ்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்கள். உயிரியல் டீச்சர் என்ற முறையில் தங்கபுஷ்பம் அதை ஒப்புக்கொண்டாள். பெண்டாட்டி என்ற முறையில் ஒப்புக்கொள்ளவில்லை.

இடையில் மயினியை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போய் மெஷினில் வைத்தார்கள். போய்வந்த ஒவ்வொரு தடவையும் உயிர் தொண்டை வரை வந்து திரும்பியது. பதினாறாம் நாள் காரியத்துப் பந்தியில், "கனிக்குத் துணைக்கு இனி யாரு?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். கேட்டதும் ஆண்களும் பெண்களும் தங்கள் தங்கள் இலையைப் பார்த்துக்கொண்டார்கள். பொருத்தம் பார்த்ததில், மிச்சமிருந்தவர்களில் தேறியது ஒரே ஆள்தான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த தங்கபுஷ்பம், "நான் உக்காருதேன்" என்றாள். பந்தி மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தது.

ஆரம்பத்திலேயே கோளாறு தெரிந்தது. சவ்வைப் பூட்டிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மயினிக்கு முகம் சிவந்து, பிரஷர் ஏறி, பெட்டி கூவத் தொடங்கியது. டாக்டர் ராபியா தங்கபுஷ்பத்தைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டாள்.

"உங்களுக்கு நான் சொல்லணுமா டீச்சர்? பயம், கோபம் எல்லாம் மனசுல நடக்குறதுன்னு நினைக்கிறோம். உடம்புல அதுக்குன்னு ஊறுற பொருள் இருக்கு. அது ரொம்பச் சின்னது. யூரியா வர்ற வழியில அது போயிரும்."

"அப்ப எனக்குள்ள இருக்கது மயினிக்குத் தெரிஞ்சிருமா?"

"தெரியாது. பொருள்தான் போகும், காரணம் போகாது. காரணம் உங்க பக்கமே நின்னுரும். அந்தப் பக்கத்து ஆளுக்குச் சும்மா படபடன்னு வரும். ஏன் வருதுன்னு அவங்களா ஒரு காரணத்தைத் தேடிக்கிடுவாங்க." டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். "இன்னும் ஒண்ணு ரெண்டு தடவை இப்படி ஏறிச்சுன்னா உங்களை மாத்தணும். வேற யாராவது இருக்காங்களா?"

யாரும் இல்லை. இருந்தாலும் ஊர் என்ன சொல்லும் என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். புருஷன் போன ஆத்திரத்தில் நாத்தனாளைக் கைவிட்டாள் என்று சொல்லும். அது பொய்யாக இருந்தால் பரவாயில்லை. பாதி மெய்யாக இருந்ததுதான் அவளைக் குத்தியது.

சாவு வீட்டில் அவள் தூங்காமல் கிடந்தபோது, மனசு அடங்க என்று வேறொரு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகள் மிச்சம் இருந்தன. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் ஆசிரியர் அறையில் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். கோபம் எங்கேயும் போகவில்லை. கொதிக்கிற பானையின் மேல் மூடியைப் போட்டது போல் உள்ளேயே கிடந்தது. அன்றைக்குப் பெட்டி கூவவில்லை.

"மாத்திரை ஏதும் போடலியே டீச்சர்?"

"இல்ல."

"இன்னைக்கு ரெண்டு பேரும் சாமி படம் மாதிரி இருக்கிய" என்றாள் ஜூடித்.

மாத்திரை தன்னைத்தான் கட்டுகிறது, மறுநாளைக்குள் தன் உடம்பிலிருந்து போய்விடும் என்று நினைத்தாள். ஆகவே ஒவ்வொரு தடவையும் போட்டுக்கொண்டாள். மயினியின் பிரஷர் இறங்கியது. உட்காரும் நாள்கள் நிம்மதியாகக் கழிந்தன.

ஆனால் சில வாரத்தில் மயினி வாடத் தொடங்கினாள். பேச்சுக் குழறியது. சோற்றில் கையை வைத்தபடியே தூங்கினாள். "நாளைக்கு" என்று ஆரம்பித்த வாக்கியத்தை நாளை மறுநாள் முடித்தாள். கோவில்பட்டியிலிருந்து பெரியம்மை ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, "பால் ஊத்திருவமா?" என்று சாடையாகக் கேட்டுவிட்டுப் போனாள். நோய் முற்றிவிட்டது, இது கடைசிக்கட்டம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள். தங்கபுஷ்பமும் அப்படித்தான் நினைத்தாள். ஊருக்குத் தெரியாமல் அவளுக்குள் ஒரு சின்ன விடுதலை எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்து அவளே பதறினாள்.

அன்றைக்குக் காலையில் பதினோராம் வகுப்புக்குச் சவ்வூடு பரவல் பாடம். பாடப்புத்தகத்தில் உள்ள உருளைக்கிழங்குச் சோதனையை முந்தின நாளே முடித்திருந்தாள். குழி தோண்டிய கிழங்கில் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, தண்ணீரில் வைத்து, குண்டூசி குத்திய இடத்தைத் தாண்டி மட்டம் ஏறியதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். இன்றைக்கு விரவல். மெல்லிய பாலித்தீன் பையில் சோறு வடித்த கஞ்சியை ஊற்றிக் கட்டி, ஒரு பீக்கரில் தண்ணீர் எடுத்து, மருந்துக் கடையில் வாங்கிய ஐயோடினைச் சில சொட்டு விட்டு, பையை அதில் இறக்கினாள். தண்ணீர் தேன் நிறத்தில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பைக்குள் கஞ்சி நீலம் பாரித்தது. வெளியே தண்ணீர் நீலமாகவில்லை.

"ஏட்டி, உள்ள கறுத்துட்டு பாரு" என்று பின் பெஞ்சில் சத்தம்.

"வெளிய ஏன் டீச்சர் நீலம் ஆகல?" என்று கேட்டாள் ஜெபராணி. எதையும் ஒரு கேள்வியோடு விடாதவள்.

"கஞ்சியில இருக்க மாவுப்பொருள் பெருசு. பையோட துளை வழியா வெளிய வர முடியாது. ஐயோடின் சின்னது. அது உள்ள போயிட்டு."

"போனது திரும்பி வருமா டீச்சர்?"

"வெளியில குறைஞ்சா வரும். பீக்கர் தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கணும்."

"அப்ப பீக்கருக்குக் கவலையில்ல. பழைய தண்ணிய ஊத்திட்டு அதுபாட்டுக்குச் சுத்தமாயிரும். பைதான் பாவம் டீச்சர். ஒண்ணு உள்ள வந்துட்டா வெளிய தள்ள அதுக்கு வழியில்லல்லா."

வகுப்பு சிரித்தது. தங்கபுஷ்பம் நீலப் பையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பீக்கர். ஒரே நாளில் சுத்தமாகிவிடுகிற பீக்கர். கோபம் போகக் கூடாது என்று எதைப் போட்டு மூடினாளோ, அந்த மூடியே கரைந்து அந்தப் பக்கம் போயிருக்கிறது. வெளியே தள்ளச் சிறுநீரகம் இல்லாத ஒரு உடம்புக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கிடக்கிறது. எத்தனை வருஷமாக இதே சோதனையைச் செய்து காட்டியிருக்கிறாள்.

"லீடர், வகுப்பைப் பாத்துக்கோ" என்று சொன்னது மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. ஆட்டோவில் ஏறிய பிறகுதான் கையில் சாக்பீஸ் இருப்பதைப் பார்த்தாள்.

தங்கபுஷ்பம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிறகு மயினிக்கு நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பள்ளிக்கூட நேரம் என்று தங்கபுஷ்பத்துக்குச் சொல்லவில்லை. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க, போர்வையை உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

டாக்டர் ராபியாவிடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒவ்வொரு தடவையும் ஜூடித் கேட்டாளே?"

"இல்லன்னு சொன்னேன்."

"ஏன் டீச்சர்?"

"மாத்திரை போட்டேன்னு சொன்னா எதுக்குன்னு கேப்பிய. செத்துக்கிட்டு இருக்க ஒரு பொம்பளை மேல கோவமா இருக்கேன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு டாக்டர்."

டாக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மதுரைக்குக் கொண்டு போற நிலைமையில அவங்க இல்ல" என்றாள். "இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல. பையிலதான் இருக்கு."

"அப்ப உங்க பக்கம் சுத்தம். நீங்க உக்காந்தா, போனது உங்ககிட்டத் திரும்பி வரும். ஆனா இப்ப இருக்க நிலைமையில உங்க கோபம் அந்தப் பக்கம் ஏறிச்சுன்னா, தாங்க மாட்டாங்க. கோபப்படாம உக்கார முடியுமா?"

"முடியும்னு சொல்ல மாட்டேன்."

"இந்த ரூமுல இதுக்கு உண்மையைச் சொன்ன முதல் ஆளு நீங்கதான். வாங்க."

மயினியின் கட்டிலுக்கு அருகே, அவள் முகத்துக்கு நேராக ஒரு முக்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள். பெட்டியைக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிட்டு, குழாய்களை ஜூடித் பூட்டினாள். இன்றைக்கு அவள் சுவரில் இருப்பதைக் கேட்கவில்லை.

மத்தியானம் தேய்ந்தது. தங்கபுஷ்பத்துக்குக் கண் செருகியது. அது வருகிறது, தன் பங்கு தன்னிடம் திரும்பி வருகிறது என்று புரிந்தது. கிள்ளிக் கிள்ளி விழித்திருந்தாள். இரண்டாவது டீ வந்தபோது மயினியின் விரல்கள் அசைந்தன. பிறகு இமை திறந்தது.

"தங்கம்... பால்காரன் வந்தானா?"

"வந்தான் மயினி."

"அவனைப் போன மாசம் ஏசிட்டேன்ட்டி. தண்ணிப் பாலுன்னு கண்ணு மண்ணு தெரியாம ஏசிட்டேன். பாவம், நல்ல பாலுதான். நான் யாரையும் ஏசாதவ. நீ வந்து உக்காந்த புதுசுல கோவம் கோவமா வரும். எதுக்குன்னே தெரியாது."

தங்கபுஷ்பம் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அது என்னுது மயினி."

"என்னது?"

"அந்தக் கோவம். என்கிட்ட இருந்து வந்தது. அதை அடக்கத்தான் மாத்திரை போட்டேன். அந்த மாத்திரைதான் உங்களை இப்படிப் படுக்க வச்சுட்டு."

"என் மேலயா கோவம்?"

"ஆமா."

"சேர்மனுக்காகவா?"

"ஆமா."

"இருக்கும்லா" என்றாள் மயினி. "எனக்கே என் மேல இருக்கு." உதடு காய்ந்திருந்தது, நாக்கால் தடவிக்கொண்டாள். "கடைசியில கொஞ்ச நாளு, அவன் வந்து உக்காந்தா எனக்கு ஒரு பயம் வரும். சீக்காளிக்குச் சாவு பயம் வரத்தான செய்யும், இது என் பயம்னு நினைச்சேன். அந்த ஞாயித்துக்கிழமை ரொம்ப வந்துச்சு. மூச்சு முட்டுச்சு. முருகா, என்னைக் கூட்டிட்டுப் போயிராதன்னு எனக்காக வேண்டுனேன். அவன் போன பொறவுதான் உறைச்சுது. அது அவன் பயம்ட்டி. அவனுக்கு நெஞ்சு வலிச்சிருக்கு. யார்ட்டயும் சொல்லல. ஆனா எனக்கு வந்து சேந்துச்சு. நான் வாயத் தொறந்து, 'ஏல, உனக்கு என்ன செய்யுது?'ன்னு ஒரு வார்த்தை கேக்கல."

பதினாறு முடிந்து சவ்வில் உட்கார ஆரம்பித்ததிலிருந்து, காலையில் கண் விழித்ததும் தங்கபுஷ்பத்தின் நெஞ்சில் ஒரு கனம் வந்து உட்காரும். செய்ய வேண்டிய எதையோ செய்யாமல் விட்டுவிட்டோம் என்ற கனம். நாம்தான் அவரைக் கவனிக்காமல் விட்டோம் என்று அதற்கு ஒரு காரணத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்தக் கனம் யாருடையது என்று இப்போது தெரிந்தது. இவள் கோபத்தை மயினி பால்காரன் மேல் இறக்கி வைத்தாள். மயினியின் குற்ற உணர்வை இவள் சுமந்து திரிந்தாள்.

ஆனால் தெரிந்துகொண்டால் ஆறிவிடுமா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் இன்றைக்கு இருந்திருப்பார். அடிவயிற்றிலிருந்து அது பொங்கிக்கொண்டு வந்தது. பெட்டி கூவியது. ஜூடித் ஓடி வந்து, கால்மாட்டில் குனிந்து எதையோ சரி செய்தாள், சத்தம் நின்றது. இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மயினி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணின் ஓரத்தில் ஈரம் இறங்கியது. பிறகு அசைவே இல்லை.

தங்கபுஷ்பம் போர்வையைப் பார்த்தாள். ஏறி இறங்குகிறதா? இறங்குகிறதா? கோபம் இருந்த இடம் தெரியவில்லை. சேர்மத்துரையைச் சிறுபிள்ளையாகத் தெரிந்த ஆள், அவர் பெயரைச் சொன்னால் எந்தச் சேர்மன் என்று கேட்காத ஆள், உலகத்தில் இந்த ஒருத்திதான். இவளும் போய்விட்டால் அவரைப் பற்றி யாரிடம் பேசுவது? யாரிடம் கோபப்படுவது?

மயினி சட்டென்று விழித்தாள்.

"ஏட்டி, என்ன பயப்படுத?"

"ஒண்ணுமில்ல மயினி."

"ஒண்ணுமில்லன்னு சொல்லாத." மயினி எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. குழாயைப் பிடித்து இழுத்தாள். "நெஞ்சு வலிக்கா? இதைப் புடுங்கு மொதல்ல. எனக்கு ஒண்ணும் வேண்டாம். சிஸ்டர்! ஏ சிஸ்டர்! இவளுக்கு என்னமோ செய்யுது, வந்து பாருங்க! பயம் எனக்கு வருது!"

"வலி இல்ல மயினி, சத்தியமா இல்ல." தங்கபுஷ்பம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போயிருவியளோன்னு பயந்துட்டேன்."

மயினி இழுப்பதை நிறுத்தினாள். "நானா?" என்றாள். "இதுக்கா இப்படி?"

ஜூடித் வந்து சேர்ந்தாள். "யாருக்கு என்ன?"

"இவ பயம் எனக்கு வந்துட்டு சிஸ்டர். அதான் கத்திட்டேன்."

"அது எப்படி வரும்?" ஜூடித் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு குழாய்களிலும் கிளிப் போட்டு இறுக்கியிருந்தது. "பிரஷர் ஏறுனதுமே அடைச்சிட்டேனே. மருந்தும் முக்காவாசி இறங்கிட்டு. அதுக்குப் பொறவு இந்தப் பக்கத்துல இருந்து ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகல."

மூன்று பேரும் கிளிப்புகளைப் பார்த்தார்கள்.

"அப்ப எப்படி மயினி தெரிஞ்சுது?"

"உன் மூஞ்சியப் பாத்தேன்" என்றாள் மயினி. சொன்னதும் அவள் வாய் கோணியது. "அவ்வளவுதானட்டி. மூஞ்சியத்தான் பாத்தேன். அங்க ஹால்ல நாற்காலி பூராவும் டிவியப் பாத்துல்லா போட்டுருக்கு. அத்தனை வருஷம் பக்கத்துல பக்கத்துல உக்காந்தோம், நானும் அவனும். சீரியல்தான் பாத்தோம்."

தங்கபுஷ்பம் பிடித்த கையை விடவில்லை.

மயினி தேறி, மறுபடியும் ஹாலுக்கு வர ஒரு வாரம் ஆயிற்று. அன்றைக்குத் தங்கபுஷ்பம் தன் நாற்காலியைப் பின்னால் பிடித்து இழுத்தாள். இரும்புக் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. மயினியின் நாற்காலிக்கு எதிரே, முழங்கால் முட்டும் தூரத்தில் அதைத் திருப்பிப் போட்டாள்.

"டீச்சர், அப்படிப் போட்டா டிவி தெரியாதே" என்றாள் ஜூடித். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் கேட்டாள்: "யார் மேலயும் கோவம் இல்லையே?"

"இருக்கு" என்றாள் தங்கபுஷ்பம். "நேத்தைய விட இன்னைக்குக் கொஞ்சம் கம்மி."

ஜூடித் மயினியைப் பார்த்தாள்.

"பூட்டுங்க சிஸ்டர்" என்று மயினி கையை நீட்டினாள். "என்னன்னு தெரிஞ்சு வந்தா தாங்கிக்கிடலாம்."